உயிரோடு ஊர் திரும்புகிறவருக்கும் டிக்கெட் வேண்டும்

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் திருச்சியில் விமான டிக்கெட் முகவர். சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் துபாய்க்கும் போகிறவர்கள், அமெரிக்காவில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் புறப்படும் தாய்மார்கள், ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எல்லோரும் என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்துதான் பயணக் காப்பீடு எடுக்கிறார்கள். அந்தப் பாலிசிகளில் ஒரு பெரிய குறை இருக்கிறது. அதைச் சரிசெய்யும் அதிகாரம் உங்களிடம் இருப்பதால் உங்களுக்கு எழுதுகிறேன். கடிதம் கோப்புக்குள் உறங்கிவிடக் கூடாது என்பதால் ஊரறிய எழுதுகிறேன்.

வெளிநாட்டில் ஒருவர் இறந்துபோனால் உடலை ஊருக்குக் கொண்டுவர, என் கைக்கு வரும் ஏறக்குறைய எல்லாப் பாலிசிகளிலும் பணம் உண்டு. போன இடத்தில் அவருக்கே நோய் முற்றினால், மருத்துவத் துணையோடு அழைத்துவரவும் பணம் உண்டு. ஆனால் அவர் நன்றாக இருக்கிறார், ஊரில் அப்பாவுக்கு உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பயணத்தைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த விமானத்தைப் பிடித்தாக வேண்டும். அப்போது அந்தப் பாலிசி என்ன தருகிறது? பலவற்றில் ஒன்றும் இல்லை. இருப்பவற்றிலும் 500 டாலர், 1,000 டாலர் என்று ஒரு வரி இருக்கும். மருத்துவச் செலவுக்கு 50,000 டாலர் முதல் 5 லட்சம் டாலர் வரை கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் அதே அட்டவணையின் அடியில், பையில் தொலைந்த பாஸ்போர்ட்டுக்கான தொகைக்குப் பக்கத்தில், அந்த வரி ஒதுங்கி நிற்கும். சவமாகத் திரும்பினால் செலவு முழுவதும் உண்டு. தாயின் சவத்துக்கு முன்னால் வந்து நிற்கத் திரும்பினால் பேருக்குக் கொஞ்சம். இந்த நிலையை மாற்ற வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

விசாவுக்காகக் காப்பீடு எடுப்பவர்கள் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டுமென்றால் குறைந்தது 30,000 யூரோவுக்குக் காப்பீடு இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு விசா விதித்தொகுப்பு சொல்கிறது. எதற்கெல்லாம் காப்பீடு என்பதையும் அதுவே சொல்கிறது. அவசர மருத்துவம், மருத்துவமனைச் சிகிச்சை, நோயினாலோ மரணத்தினாலோ பயணியைத் தாய்நாட்டுக்கு அனுப்பும் செலவு, அவ்வளவுதான். தங்கள் மருத்துவமனைகளுக்குக் கடன் நிற்கக் கூடாது என்பது அந்த நாடுகளின் கவலை. அது அவர்களுக்கு நியாயமான கவலை. ஆனால் நம்மவர் ‘தாய்நாட்டுக்கு அனுப்பும் செலவு’ என்று படித்ததும், வீட்டில் ஏதாவது ஆனால் திரும்பி வரவும் இது உதவும் என்று எண்ணிக்கொள்கிறார். தூதரகம் கேட்ட தாள் கிடைத்துவிட்டது, விசாவும் வந்துவிட்டது, இனி என்ன என்று பையைக் கட்டுகிறார். அவருடைய ஊரும் உறவும் சம்பந்தப்பட்ட கவலைக்கு அந்தத் தாளில் இடமே இல்லை என்பதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை.

கும்பகோணம் பக்கத்தைச் சேர்ந்த ஒரு வாடிக்கையாளர். மனைவியோடு ஐரோப்பியச் சுற்றுலா போயிருந்தார். பயணம் பாதி முடிந்திருந்தபோது அவருடைய தந்தைக்கு மூச்சுத் திணறல் வந்து தஞ்சாவூரில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். சுவிட்சர்லாந்திலிருந்து புதிதாக இரண்டு டிக்கெட் எடுத்து இருவரும் வந்து சேர்ந்தார்கள். தந்தையை உயிரோடு பார்த்துவிட்டார்கள், அந்த மட்டில் ஆறுதல். காரியமெல்லாம் முடிந்தபிறகு காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். பதில் கடிதத்தை என்னிடம்தான் கொண்டுவந்து காட்டினார். தந்தைக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், ஆகவே இது பாலிசிக்கு முன்பே இருந்த நோயின் தொடர்ச்சி, ஆகவே இழப்பீடு இல்லை என்று எழுதியிருந்தார்கள்.

அந்தக் கடிதத்தில் இருந்த தர்க்கத்தை நீங்கள் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். பாலிசிக்கான விண்ணப்பத்தில் பயணியின் வயது, பயணியின் நோய், பயணியின் மாத்திரை எல்லாம் கேட்டார்கள். ஊரில் இருக்கும் தந்தையைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. அவர் வயதைப் பார்த்துப் பிரீமியம் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பணம் வாங்கும்போது அப்படி ஒருவர் இருப்பதே நிறுவனத்துக்குத் தெரியாது. பணம் தர வேண்டியபோது அவருடைய பழைய மருத்துவச் சீட்டெல்லாம் தேடி எடுக்கப்படுகிறது. எழுபது வயதைத் தாண்டிய எந்தத் தந்தைக்கு, எந்தத் தாய்க்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இல்லை? பெற்றோரின் பழைய நோய் எதுவும் சேராது என்றால், பெற்றோருக்காக ஊர் திரும்பும் வசதி என்று ஒன்றை அட்டவணையில் அச்சிடுவதற்கே பொருள் இல்லை.

அமெரிக்காவில் விற்கும் பயணக் காப்பீடுகளிலும் முந்தைய நோய்க்கு விலக்கு, அதாவது இழப்பீடு இல்லை என்ற விதி, உண்டு. அங்கே அதற்கு ஒரு கால எல்லை வைத்திருக்கிறார்கள். பாலிசி எடுப்பதற்கு முந்தைய 60 நாளிலோ 180 நாளிலோ அந்த நோய் மோசமாகவோ மருந்து மாற்றவோ நேர்ந்திருந்தால்தான் விலக்கு. பயணத்துக்கு முதல் முன்பணம் கட்டிய இரண்டு மூன்று வாரத்துக்குள் காப்பீடு எடுத்துவிட்டால் அந்த விலக்கையும் நீக்கிக்கொள்ளும் வழி பல திட்டங்களில் இருக்கிறது. வீட்டில் இருக்கும் உறவினரின் நோய்க்கும் இதே அளவுகோல்தான். அதோடு, பயன்படுத்தாமல் போன ஓட்டல் பணத்தையும், ஊர் திரும்பப் புதிதாக எடுத்த ஒருவழி டிக்கெட்டின் கூடுதல் செலவையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். வெள்ளத்திலோ தீயிலோ வீடு குடியிருக்க முடியாமல் போனாலும் அது திரும்புவதற்கான காரணமாக ஏற்கப்படுகிறது. 2015 டிசம்பரில் சென்னை விமான நிலையமே நீரில் மூழ்கி நாட்கணக்கில் மூடிக் கிடந்தபோது, முடிச்சூரிலும் கோட்டூர்புரத்திலும் வீட்டைப் பூட்டிவிட்டு வெளிநாடு போயிருந்தவர்கள் பட்ட பாட்டை நினைத்தால், அந்த ஏற்பாட்டின் அருமை எங்களுக்குப் புரிகிறது.

நீங்களும் இந்தத் திசையில் நடந்தவர்கள்தான். மருத்துவக் காப்பீட்டில் முந்தைய நோய்க்கான காத்திருப்புக் காலத்தை 48 மாதத்திலிருந்து 36 மாதமாக 2024 ஏப்ரலில் குறைத்தீர்கள். நோயாளிக்கே எல்லை வகுத்த நீங்கள், நோயாளியைப் பார்க்க ஓடி வரும் பிள்ளைக்கு வகுக்கக் கூடாதா?

அடுத்தது மருத்துவமனைத் தாள். எங்கள் பக்கத்து மரணங்கள் எப்படி நடக்கின்றன என்பதை இந்தப் பாலிசிகளை எழுதியவர்கள் அறிய மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். பெரியவருக்கு இனித் தாங்காது என்று தெரிந்ததும் மருத்துவர் பிள்ளைகளைத் தனியே அழைத்து, வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்கிறார். ஆம்புலன்ஸில் ஆக்சிஜனோடு ஊருக்குக் கொண்டுவந்து, பிறந்து வாழ்ந்த வீட்டின் கூடத்தில் படுக்க வைக்கிறார்கள். உயிர் அங்கே போக வேண்டும் என்பது அவருடைய விருப்பமாகவும் இருக்கும். மருத்துவமனை தரும் சீட்டில் மட்டும் ‘மருத்துவ ஆலோசனைக்கு மாறாக, உறவினர் விருப்பத்தின்பேரில் அனுப்பப்பட்டார்’ என்று எழுதியிருக்கும். இந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு இழப்பீடு கேட்கப் போகும் மகனிடம், உங்கள் தந்தை உள்நோயாளியாக இத்தனை நாள் இருக்கவில்லையே, நிலைமை கவலைக்கிடம் என்று மருத்துவர் எழுதித் தரவில்லையே என்கிறார்கள். மருத்துவமனைக்கே போகாமல் திண்ணையில் சாய்ந்தபடி உயிர்விட்ட பெரியவர்களின் பிள்ளைகள் நிலைமை இன்னும் மோசம். அவர்களிடம் இறப்புச் சான்றிதழைத் தவிர வேறு தாளே இருக்காது. பதிவு செய்ய 21 நாள் அவகாசம் உள்ள அந்தச் சான்றிதழை, துக்க வீட்டில் இருந்துகொண்டே அவசரமாக வாங்கி ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்கிறார்கள்.

நேரமும் இப்படித்தான். அழைப்பு நள்ளிரவில் வருகிறது. பாலிசி சொல்கிறபடி பார்த்தால், டிக்கெட் எடுப்பதற்கு முன்பு உதவி மையத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டு ஒப்புதல் வாங்க வேண்டும். ஊரில் ஐஸ் பெட்டியை வரவழைத்துவிட்டு, தலைமகன் எப்போது வருவான், எத்தனை மணிக்கு எடுக்கலாம் என்று பங்காளிகள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இஸ்லாமியக் குடும்பமாக இருந்தால் அடக்கத்தைத் தள்ளிப்போடுவது வழக்கமில்லை, கோலாலம்பூரிலிருந்து அடுத்த விமானத்தைப் பிடித்தால்தான் மகன் ஜனாஸா தொழுகையில் நிற்க முடியும். அந்த நேரத்தில் ஒப்புதல் எண்ணுக்காகக் காத்திருக்கச் சொல்லும் விதியை வகுத்தவர்கள், ஒரு சாவு வீட்டையும் மனத்தில் வைத்து அதை எழுதவில்லை. டிக்கெட்டை எடுத்துவிட்டு 24 மணி நேரத்துக்குள் தகவல் சொன்னால் போதும் என்று ஒரு வரி போட்டால், நிறுவனத்துக்கு என்ன நட்டம் வந்துவிடும்?

தொகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரிலிருந்து வருவதற்கு 500 டாலர் போதும், மீதமும் இருக்கும். அமெரிக்காவிலிருந்து அன்றைக்கே கிளம்பும் ஒருவழி டிக்கெட், அதுவும் விடுமுறைக் காலத்தில், பல நேரம் லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. இருவர் திரும்பினால் இரட்டிப்பு. இதிலும் பழைய திரும்பும் டிக்கெட்டில் விமான நிறுவனம் ஏதாவது திருப்பித் தந்தால் அதைக் கழித்துக்கொள்வோம், புதிய டிக்கெட் எடுத்ததைத் தர மாட்டோம், பயன்படுத்தாத முன்பணத்தை மட்டும்தான் தருவோம் என்று சொல்லும் பாலிசிகள் இருக்கின்றன. மகள் வீட்டில் தங்கியிருக்கும் தாய்க்கு ஓட்டல் முன்பணம் ஏது, சுற்றுலாக் கட்டணம் ஏது? பயன்படுத்தாத முன்பணம் என்று கணக்கிட அவரிடம் ஒன்றுமே இல்லை. அவருக்கு வேண்டியது திரும்பி வரும் டிக்கெட் ஒன்றுதான். பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர்கள்தான் எங்களிடம் அதிகம் வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு பைசாவும் தராத விதியை அவர்களுக்கே விற்கிறோம். அமெரிக்காவில் எடுக்கக்கூடிய விசிட்டர் காப்பீடுகளில் விரிவான திட்டங்கள் சிலவற்றில் இதற்கு 5,000 டாலர், 10,000 டாலர் வரைகூட வைத்திருக்கிறார்கள். ஆனால் அவற்றில் பல, நெருங்கிய உறவினர் இறந்தால் மட்டும்தான் தருகின்றன, சாகக் கிடந்தால் தருவதில்லை. ஆகையால் அங்கே இருக்கிற பிள்ளைகள் எடுத்துக்கொடுத்துவிட்டார்கள் என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது.

உறவினர் யார் என்பதிலும் ஒரு பாலிசிக்கும் இன்னொரு பாலிசிக்கும் ஒற்றுமை இல்லை. கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோர் எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். உடன்பிறந்தவர்கள் சிலவற்றில் உண்டு, சிலவற்றில் இல்லை. மாமனார், மாமியார் அப்படியே. வளர்த்து ஆளாக்கிய பாட்டியோ சித்தப்பாவோ பெரும்பாலும் இல்லை. தந்தை இல்லாத வீட்டில் தாய்மாமன்தான் எல்லாமுமாக இருந்திருப்பார். இதையெல்லாம் சேர்த்தே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கவில்லை. உடன்பிறந்தவர்களையும் மாமனார் மாமியாரையுமாவது எல்லாப் பாலிசியிலும் கட்டாயமாக்குங்கள். மற்றவர்களை, பயணி பெயர் எழுதிக் கொடுத்து, வேண்டுமானால் கூடுதல் பிரீமியமும் கட்டிச் சேர்த்துக்கொள்ளட்டும்.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களை இந்த இடத்தில் விட்டுவிட முடியாது. இராமநாதபுரம், புதுக்கோட்டை, பெரம்பலூர் இளைஞர்கள் எங்கள் விமான நிலையம் வழியாகத்தான் போகிறார்கள். குடியேற்றச் சோதனை தேவைப்படும் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். 2003இல் தொடங்கிய திட்டம், 2017இல் திருத்தினார்கள். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 10 லட்சம். இந்தத் தொகைக்கு இது நல்ல திட்டம், அதை வகுத்தவர்களை மதிக்கிறேன். தொழிலாளிக்கு உடல்நலம் கெட்டு வேலை செய்ய முடியாமல் போனால் திரும்பும் விமானக் கட்டணமும் அதில் உண்டு. ஆனால் பாலைவனத்தில் கம்பி கட்டிக்கொண்டிருக்கும் மகனுக்கு ஊரில் தாய் இறந்த செய்தி வந்தால், வந்து போக அதில் ஒரு ரூபாய் இல்லை. மாதச் சம்பளத்தைவிட அன்றைய டிக்கெட் விலை அதிகமாக இருக்கும். கைபேசியில் காணொலி அழைப்பில் கொள்ளி வைப்பதைப் பார்த்தவர்கள் இந்த மாவட்டங்களில் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். அந்தத் திட்டம் வெளியுறவு அமைச்சகத்தினுடையது என்பது எனக்குத் தெரியும். அதை நடத்தும் காப்பீட்டு நிறுவனங்கள் உங்கள் ஒழுங்குமுறையின் கீழ் இருக்கின்றன. அமைச்சகத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். மூன்று ஆண்டுக்கு இன்னும் நூறு ரூபாய் கூட்டினாலும் அந்த இளைஞர்கள் முகம் சுளிக்காமல் கட்டுவார்கள்.

போரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2025 ஜூன் 23 அன்று போர்ப் பதற்றத்தில் கத்தார் வான்வெளியை மூடியபோது தோஹா வழியாக வரவேண்டியவர்களின் பயணம் அப்படியே நின்றுபோனது. போருக்கு விலக்கு வைப்பது காப்பீட்டுத் தொழிலில் பழைய வழக்கம், அதை முழுக்க நீக்கச் சொல்ல நான் வரவில்லை. விற்கும்போதே அதைச் சொல்லச் சொல்லுங்கள், போதும்.

இதைப் படிக்கும் பயணிகளுக்கும் சொல்லிவிடுகிறேன். விதி மாறும்வரை காத்திருக்க யாராலும் முடியாது. பாலிசி எடுக்கும்போது மருத்துவத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டாதீர்கள். பயணத்தைப் பாதியில் முறித்துக்கொண்டு திரும்புவதற்கு எவ்வளவு, புதிய டிக்கெட்டுக்குத் தருவார்களா, ஊரில் இருக்கும் அப்பாவின் பழைய நோய்க்கு விலக்கு உண்டா என்ற மூன்றையும் முகவரிடம் கேளுங்கள். வாய்வார்த்தை வேண்டாம், மின்னஞ்சலில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பயணத்தை ரத்து செய்வதற்கான தொகை வேறு, அது புறப்படும் முன்புதான் செல்லும். நீங்கள் அங்கே மருத்துவமனையில் படுத்தால் உங்களைப் பார்க்க உறவினர் வரும் செலவும் வேறு. இரண்டையும் காட்டி, எல்லாம் இதில் அடக்கம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிளம்பிவிட்டால் பயன்படாத டிக்கெட், போர்டிங் பாஸ், புதிய டிக்கெட்டின் ரசீது மூன்றையும் கசக்கி எறியாமல் வைத்திருங்கள். மறுத்துவிட்டார்கள் என்றால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் நியாயமாக இல்லாவிட்டாலும் சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்ச ரூபாய் வரையிலான புகார்களை அவர் விசாரிக்கிறார். கட்டணமும் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. மேலே சொன்ன வாடிக்கையாளரையும் அங்கேதான் அனுப்பியிருக்கிறேன்.

ஆணையத்திடம் நான் வேண்டுவது பெரிய சட்டத் திருத்தம் ஒன்றும் அல்ல. 2020இல் ஆரோக்கிய சஞ்சீவனி என்று எல்லா நிறுவனங்களும் ஒரே விதியில் விற்க வேண்டிய ஒரு மருத்துவப் பாலிசியைக் கொண்டுவந்தீர்கள். பெயரைச் சொன்னாலே என்ன இருக்கும், என்ன இருக்காது என்று இன்று ஒரு மளிகைக் கடைக்காரருக்கும் விளங்குகிறது. வெளிநாட்டுப் பயணத்துக்கும் அதேபோல் ஒரு பொதுப் பாலிசி வேண்டும். குடும்பத்தில் மரணமோ உயிருக்கு ஆபத்தான நிலையோ நேர்ந்தால் ஊர் திரும்பும் செலவு அதில் தனித் தலைப்பாக, போகும் நாட்டின் தூரத்துக்குத் தக்க தொகையோடு, புதிய டிக்கெட்டுக்கென்று இருக்க வேண்டும். ஊரில் இருப்பவரின் முந்தைய நோய்க்குக் கால எல்லை வேண்டும். வீட்டுக்கு அனுப்பப்பட்ட நோயாளியையும் வீட்டிலேயே நிகழ்ந்த மரணத்தையும் ஏற்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அவர் மொழியில் தகவல் தாள் தர வேண்டும் என்று மருத்துவக் காப்பீட்டில் 2024 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்தினீர்கள். பயணக் காப்பீட்டுக்கு அந்தத் தாளின் முதல் வரியிலேயே, ஊர் திரும்ப எவ்வளவு கிடைக்கும், எப்போது கிடைக்காது என்பது தமிழில் இருக்க வேண்டும். கேட்டால்தான் தருவோம் என்று வைக்காதீர்கள். கேட்க வேண்டும் என்று தெரியாதவர்களுக்குத்தான் அது தேவை.

இணையதளங்களில் டிக்கெட் எடுக்கும்போது பயணிக்குத் தெரியாமலே காப்பீட்டுக் கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருந்த பழக்கத்தை 2019இல் நீங்கள்தான் நிறுத்தினீர்கள். ஒரு சுற்றறிக்கையில் அது முடிந்தது. இதுவும் அப்படி முடியக்கூடியதுதான்.

ஒரு விதியை மாற்றும் முன்பு வரைவை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்பது உங்கள் வழக்கம். இந்தப் பொதுப் பாலிசிக்கான வரைவை அடுத்த கோடை விடுமுறைக்கு முன்பே வெளியிடுங்கள். தமிழிலும் வெளியிடுங்கள். திருச்சியிலும் காரைக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் இருக்கும் எங்களைப் போன்ற முகவர்கள், மறுக்கப்பட்ட கடிதங்களின் நகல்களை வாடிக்கையாளர் சம்மதத்தோடு இணைத்து, ஒவ்வொரு விதிக்கும் கருத்து எழுதி அனுப்பக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
பயண முகவர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி